கைகோத்து நிற்கும் மூவர் வேண்டாம்: பினாங்கின் பல பண்பாடுகளை வரையத் தொடங்குவோருக்கு

தேசிய தினம் வரும் ஆகஸ்ட் மாதத்தில் மலேசியப் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். சொங்கோக் என்னும் மலாய்த் தொப்பி அணிந்த பையன், சிவப்புச் சீன உடையில் ஒரு பெண், பொட்டு வைத்துப் புடவை கட்டிய இன்னொரு பெண் என்று மூவர் கைகோத்து நிற்பார்கள். பின்னால் தேசியக் கொடி பறக்கும். பத்து வயதில் அப்படி வரைவதில் எந்தத் தவறும் இல்லை. இருபது வயதிலும் அதே படத்தைக் கொஞ்சம் கூடுதல் திறமையோடு வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை என் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் பார்க்கும்போதுதான் மனம் வருந்துகிறது. அந்த மூவருக்கும் இடையில் எதுவுமே நடப்பதில்லை. ஒருவர் மற்றவருக்குக் கடன் கொடுக்கவில்லை, ஒருவர் வீட்டுப் பண்டத்தை மற்றவர் தின்னவில்லை, ஒருவரைப் பார்த்து மற்றவர் எரிச்சல்படவும் இல்லை.

பினாங்குத் தெருவில் நடப்பது வேறு. தைப்பூசத்திற்கு முதல் நாள் முருகனின் வெள்ளி ரதம் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் வழியாகத் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். வழிநெடுகச் சீனக் கடைக்காரர்களும் குடும்பங்களும் தேங்காய்களைக் குவித்து வைத்துக் காத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் சட்டை நனைய நனைய அவற்றை எடுத்துத் தரையில் அடிப்பார்கள். தார்ச்சாலையில் தேங்காய்த் தண்ணீர் ஓடும். சில்லுகள் காலில் குத்தும். ஓவியம் அங்கே இருக்கிறது: ஓங்கிய ஒரு கையிலும், சிதறலிலும், ஈரச் சாலையில் தெரியும் ரத விளக்கின் நிழலிலும். ஒரு மரபு இன்னொரு மரபின் மேல் உரசும் இப்படிப்பட்ட இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வரைவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ கொழும்பிலோ இருந்தாலும் முறை ஒன்றுதான். தெருவின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு தெரு

நாடு முழுவதையும் ஒரே கேன்வாஸில் அடக்கப் பார்க்காதீர்கள். நடந்தே முடிக்கக்கூடிய ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். என் மாணவர்களை நான் பிட் தெருவுக்கு அழைத்துச் செல்வேன். இன்று அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். வடக்கு முனையில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தெற்கே வந்தால் புறாக்களும் ஊதுவத்திப் புகையுமாக, சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். அடுத்து 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். அதன் கோபுரம் குயின் தெருவைப் பார்க்கிறது, முதுகுதான் பிட் தெருப் பக்கம். பிறகு 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல். இவை எல்லாம் சில நிமிட நடைத் தூரத்துக்குள். சற்றுத் தள்ளி சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் சூலியர் என்றார்கள். தெருப் பெயரே ஒரு பயணத்தின் தடயம்.

நான்கு வழிபாட்டிடங்களையும் ஒரே படத்தில் ஒட்டிவிடத்தான் புதியவர்களுக்கு முதலில் கை துடிக்கும். சுற்றுலா அஞ்சலட்டைகளில் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரே இடத்துக்கு நான்கு காலைப் பொழுதுகள் போய் உட்காருங்கள். ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வெயிலுக்குள் எழுந்துவிடலாம். முதல் நாள் உங்களுக்குக் கட்டடங்கள் மட்டும் தெரியும். மூன்றாம் நாள், சீனப் பாட்டி ஒருவர் நம் பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போகிறார் என்று கண் தானாகப் பின்தொடரும்.

இரண்டாம் படி: இருபது பக்கங்கள், முகம் இல்லாமல்

இது என் வகுப்பின் கண்டிப்பான விதி. கோட்டோவிய நோட்டின் முதல் இருபது பக்கங்களில் மனித முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முகத்தை வரைந்தால் உடனே இனம் என்ற ஒன்றைத்தான் வரையத் தொடங்குகிறோம்: கண்ணைச் சிறிதாக்குகிறோம், தோலைக் கறுப்பாக்குகிறோம். பொருள்களை வரைந்தால் உறவு தெரியவரும்.

எதை வரையலாம்? ஐந்தடி எனப்படும், கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைவழியை வரையுங்கள். அதன் தரை ஓடுகள் கடைக்குக் கடை மாறும். நாசி கண்டார் கடையின் அலுமினியச் சட்டிகளை வரையுங்கள். தோளில் போட்ட தடியின் இரு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற உணவு அது. கண்டார் என்ற மலாய்ச் சொல் அந்தத் தடியைத்தான் குறிக்கிறது. இன்று அந்த வரிசையில் யார் யார் தட்டோடு நிற்கிறார்கள் என்று கவனியுங்கள், கைகளை மட்டும் வரையுங்கள்.

மரத்தடியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும் சிறிய டத்தோ கோங் மாடங்களையும் தேடிப் பாருங்கள். என் கண்ணுக்கு இந்த நாட்டிலேயே மிக அழகான கருப்பொருள் அதுதான். சீனர்கள் வணங்கும் காவல் தெய்வம் அது, ஆனால் மலாய்க்காரர். தலையில் சொங்கோக், இடுப்பில் சாரோங். படையலில் வெற்றிலை பாக்கு உண்டு, பன்றி இறைச்சி கிடையாது. ‘இந்த மண்ணுக்கு முன்பே சொந்தக்காரர் ஒருவர் இருந்தார், அவருக்குப் பிடிக்காததை அவர் முன் வைக்கக் கூடாது’ என்ற எண்ணம் ஒரு முழ உயர மாடத்துக்குள் அடங்கியிருக்கிறது. இதைவிடப் பெரிய சின்னத்தைக் கற்பனையால் உருவாக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: வீட்டு ஆல்பம்

தெருவைப் பார்த்த பிறகு வீட்டுக்குத் திரும்புங்கள். அலமாரியின் அடியில் கிடக்கும் பழைய புகைப்படங்களை எடுங்கள். தாத்தா ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் மேலே கோட்டு, கீழே வேட்டி, பின்னால் சீனப் படக்காரர் வைத்த திரைச்சீலை இருக்கலாம். பாட்டி கெபாயா என்னும் மலாய் மேற்சட்டை அணிந்திருக்கலாம். தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் கலந்து உருவான ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள் பினாங்கில் உண்டு. மலாக்காவில் மலாய் பேசிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடும் செட்டிகள் உண்டு. கலப்பு என்பது பல வீடுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை.

இந்த வழியில் நடந்தவர் ரெட்சா பியதாசா. குவாந்தானில் பிறந்த, சிங்கள வம்சாவளியைச் சேர்ந்த மலேசிய ஓவியர். 1980களில் மலாய், சீன, இந்தியக் குடும்பங்களோடு, மலாய்ப் பண்பாட்டில் கலந்த சீனரான பாபா குடும்பங்களின் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களை எடுத்து, அச்சும் வண்ணமும் ஒட்டுவேலையுமாக ஒரு வரிசையே படைத்தார். அந்தப் படங்களில் யாரும் கைகோத்து நிற்பதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல உடை உடுத்தி, கேமராவைப் பார்த்து மரியாதையைக் கோருகிறார்கள். அந்த விறைப்புத்தான் அவர்களை ஒன்றாக்குகிறது.

அவரே 1970இல் செய்த இன்னொரு படைப்பும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் நடந்த 1969 மே 13 இனக் கலவரத்தை அடுத்து, சவப்பெட்டி போன்ற ஒரு வடிவத்தில் தேசியக் கொடியைத் தீட்டி, கண்ணாடியின் மேல் நிமிர்த்தி வைத்தார். குனிந்து பார்ப்பவர் தன் உருவத்தையும் அதில் காண்பார். பல பண்பாடு பற்றிய ஓவியம் இனிப்பாகவே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கேட்டுவிட்டு வரையுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கின்றன.

அனுமதியைப் பொறுத்தவரை வழி எளிது. பள்ளிவாசலில் உடை ஒழுங்கைப் பின்பற்றுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் நோட்டை விரிக்காதீர்கள். சீனக் கோயிலில் உயர்ந்த வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். மாரியம்மன் கோயிலில் கருவறையை வரையாதீர்கள். மண்டபம், மணி, செருப்பு வரிசை எல்லாம் வரைவதற்குப் போதும். மனிதர்களிடம், “அண்ணே, உங்கள் கடையை வரையலாமா?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். மறுக்கும் இருவரை வரையாதீர்கள். பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளின் முகத்தை வரையவே வேண்டாம்.

பொருள் அறிவதுதான் கடினம். என் மாணவன் ஒருவன் ‘ஒரே மேசை’ என்று ஒரு பெரிய அக்ரிலிக் ஓவியம் தீட்டினான். வாழையிலையில் சோறு, பக்கத்தில் கிண்ணத்துச் சோறு, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். கிண்ணத்துச் சோற்றில் குச்சிகளை நிமிர்த்திக் குத்தி வைத்திருந்தான். வடிவ அழகுக்காகத்தான் அப்படிச் செய்தான். வகுப்புத் தோழியின் சீனப் பாட்டி படத்தைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். சோற்றில் குச்சியை நிமிர்த்தி வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை. விருந்து என்று அவன் நினைத்தது அவர் கண்ணுக்குக் கருமாதியாகத் தெரிந்தது. அதே படத்தில் வாழையிலையின் நுனி உண்பவரின் வலப்பக்கம் இருந்தது, தமிழ்ப் பையன்தான் வரைந்தவன். ஒரு மலாய்ப் பெரியவர் இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதிரிக்கு எடுத்த கைப்பேசிப் படம் இடவலமாகத் திரும்பியிருந்ததே காரணம். மூன்று பிழைகளையும் கண்டுபிடித்தவர்கள் மூன்று வீட்டுப் பெரியவர்கள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது: முதல் வரைவை, அந்தப் பண்பாட்டில் வளர்ந்த ஒருவரிடம், முடிந்தால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், காட்டிய பிறகுதான் வண்ணம் திறக்க வேண்டும்.

எழுத்துகளிலும் இதே கவனம் வேண்டும். பலகையில் உள்ள சீன எழுத்தையோ, மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியையோ அலங்காரமாக நினைத்துக் கோடு கிழிக்காதீர்கள். புள்ளி விழுந்துபோன தமிழைப் பெயர்ப்பலகைகளில் பார்க்கும்போது நமக்கு எப்படி வலிக்கிறதோ அப்படித்தான் அவர்களுக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு, அவரையே ஒரு முறை எழுதச் சொல்லிப் பார்த்து வரையுங்கள். இந்தியரைக் குறிக்கும் கெலிங் என்ற சொல் பள்ளிவாசலின் பெயரில் வரலாறாக இருக்கிறது. ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. படத்துக்குள் எந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் உங்கள் பொறுப்பு.

ஐந்தாம் படி: இணைப்பும் இடைவெளியும்

இருபது பக்க நோட்டையும் தரையில் விரித்துப் பாருங்கள். எந்த இரண்டு படங்கள் ஒன்றையொன்று அழைக்கின்றன? அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றின் வழியாக இன்னொன்று தெரியும்படி வையுங்கள். ஐந்தடித் தூண்களின் இடையே கோபுரம். காப்பிக் கடைப் பளிங்கு மேசையின் பளபளப்பில் எதிர்க்கடைச் சிவப்பு விளக்கு. ஊதுவத்திப் புகை காற்றில் தெருவைக் கடந்து பூக்கடைக்குள் நுழைவது. பார்ப்பவரின் கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்க உங்கள் படத்தில் பாதை இருக்க வேண்டும்.

இடைவெளி இருந்தால் அதையும் வரையுங்கள். எல்லாரும் எல்லார் கடையிலும் சாப்பிடுவதில்லை. ஒரே அலுவலகத்தில் வேலை செய்து, மதிய உணவுக்கு மூன்று திசையில் பிரிந்து போகும் நண்பர்கள் உண்டு. அந்தக் காலி நாற்காலியை நேர்மையாக வரைந்தால், கைகோத்த படம் பத்தைவிட அது ஆழமாகப் பேசும். என் மாணவி ஒருத்தி பெருநாள் காலையில் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே நீளும் பலகாரத் தட்டை மட்டும் வரைந்தாள். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தட்டைத் தொடுகின்றன. நடுவில் வேலி அப்படியே நிற்கிறது. வேலியை நீக்கச் சொல்லி ஒருவர் ஆலோசனை கூறினார். அவள் மறுத்தது சரி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆறாம் படி: ஊடகமும் பேசட்டும்

தொடக்கத்துக்கு நீர்வண்ணமும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளும் போதும். பினாங்கின் ஈரக்காற்றில் தாள் காயத் தாமதமாகும். அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போட்டால் சேறாகும்.

ஆனால் கை ஓரளவு படிந்ததும் பாத்திக் ஓவியத்தை ஒரு முறையாவது முயன்று பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். சீனாவிலிருந்து பினாங்குக்கு வந்த சுவா தியென் தெங், துணிக்குச் சாயமேற்றும் பாத்திக் முறையை 1950களில் ஓவியமாக மாற்றினார். சாவக, மலாய் மரபின் மெழுகும் சாயமும் கொண்டு ஒரு சீனக் குடியேறி மலாய்க் கிராமத்துத் தாய்மாரையும் குழந்தைகளையும் வரைந்தார். அவர் படத்தில் உள்ள மனிதர்களை மறைத்துவிட்டாலும் பண்பாடுகளின் சந்திப்பு துணியிலேயே மிஞ்சியிருக்கும்.

செய்முறை இதுதான். பருத்தித் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பென்சிலால் மெல்லக் கோடு போடுங்கள். மெழுகும் குங்கிலியமும் கலந்து உருக்கி, சாந்திங் என்னும் சிறிய செப்புக் கிண்ணி எழுதுகோலால் கோட்டின் மேல் ஊற்றிக்கொண்டே போங்கள். கோடு எங்கும் அறுந்துவிடக் கூடாது. அறுந்த இடத்தில் சாயம் பக்கத்து வண்ணத்துக்குள் கசியும். பிறகு தூரிகையால் சாயம் தீட்டி, காய்ந்ததும் சோடியம் சிலிகேட் பூசி ஊறவிட்டு, அலசி, கொதிநீரில் மெழுகை எடுத்துவிடுங்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். முதல் இரண்டு துணிகள் வீணாகும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கதையும் பயணப்பட்டிருக்கலாம். இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன், 1970களில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் தீட்டினார்; பின்னாளில் மலாய்க் காவியக் கதைகளையும். அவர் வரைந்த பெண்களின் நீண்ட கண்களில் இந்தியச் சுவரோவிய மரபும் மலாய் மென்மையும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் மலாய் அரச வண்ணம். வெள்ளை சீனருக்குத் துக்கம், நம் பாட்டிமார் காலத்தில் கைம்மை. சிவப்பு இரு வீட்டுக்கும் மங்கலம்: சீனர் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறையும் நம் குங்குமமும். லீத் தெருவில் சியோங் ஃபாட் சீயின் மாளிகைச் சுவர் நீலத்தை நேரில் போய்ப் பாருங்கள். சீனச் செல்வந்தரின் வீட்டுச் சுண்ணாம்பில் இந்திய அவுரியைக் கலந்து பூசிய நீலம் அது. அந்த ஒரு வண்ணத்தைத் தட்டில் கலக்கப் பழகுவதற்கே ஒரு வாரம் செலவிடலாம்.

சுவரில் வரைய ஆசையா?

2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச், ஆர்மேனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளைத் தீட்டி, அவர்களுக்கு ஓர் உண்மையான சைக்கிளையும் பொருத்தினார். அன்றிலிருந்து சுவரோவியம் என்றால் உலகம் பினாங்கை நினைக்கிறது. அவர் படம் அருமையானது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் தெருவைத் தாங்களே தீட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. செய்வதானால் வீட்டு உரிமையாளரிடமும் மாநகர் மன்றத்திடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபு நகரம். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்பு கொண்டவை. அவற்றின் மேல் கெட்டியான அக்ரிலிக் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சாந்தோடு உரிந்துவிடும். புதிய சிமெண்டுச் சுவரைத் தேடுங்கள், அல்லது பலகையில் வரைந்து மாட்டுங்கள்.

கடைசிப் படி: முதல் பார்வையாளர் யார்?

படம் முடிந்ததும் இணையத்தில் போடுவதற்கு முன், படத்தில் இருப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி குயின் தெருவில் பூக்கட்டும் அக்காவை வரைந்திருந்தாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கை நல்லா வந்திருக்கு பாப்பா. ஆனா நார இப்படிப் பிடிச்சா பூ நிக்காது” என்று சொல்லி, ஒரு சரத்தை அவள் எதிரிலேயே மெதுவாகக் கட்டிக்காட்டினார். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து விரல்களைத் திருத்தி வரைந்தாள். பக்கத்தில் ஊதுவத்தி விற்கும் சீன மாமா எழுந்து வந்து எட்டிப் பார்த்து, “என் கடை எங்கே?” என்று மலாயில் கேட்டார். இப்போது அந்த ஓவியத்தின் வலது ஓரத்தில் அவருடைய சிவப்பு ஊதுவத்திக் கட்டுகளும் பாதி முழங்கையும் இருக்கின்றன. அச்சுப் பிரதிகள் இரண்டு எடுத்தாள். ஒன்று பூக்கடையில் லட்சுமி படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. மற்றொன்றை மாமா தன் கல்லாப்பெட்டியின் மூடியில் உட்பக்கமாக ஒட்டிவைத்திருக்கிறார்.